பாலும் பலமான ஆகாரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, விசுவாசத்தில் வளர்வது என்ற ஒரே பொருளைப் பற்றியே இருந்தன. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு 45 வயது. ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, வாலிபர் ஐக்கியம் என்று சபையிலேயே வளர்ந்தவன். இப்போது சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியிலும் இருக்கிறேன். ஆனால் பதினைந்து வயதில் நான் செய்த ஜெபத்துக்கும் இன்று செய்கிற ஜெபத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது சில நாட்களாக என்னை உறுத்துகிறது. அன்று பரீட்சைக்காகக் கேட்டேன். இன்று மகளின் கல்லூரி இடத்துக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் கேட்கிறேன். ஆவிக்குரிய முதிர்ச்சி என்று பிரசங்கங்களில் கேட்கிறோமே, அது என்ன? அதை எப்படி அறிந்துகொள்வது? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: மகளின் கல்லூரி இடத்துக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் ஜெபிப்பதில் குறையொன்றும் இல்லை. அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கும்படி ஆண்டவரே கற்பித்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாகக் கேட்பது மட்டுமே நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அந்த உறுத்தல் வந்ததை நல்லதாகவே எண்ணுகிறேன்.

எபிரெயர் 5-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் இதைப் பற்றி மிகவும் நேராகப் பேசுகின்றன. காலத்தைப் பார்த்தால் போதகர்களாக இருக்கவேண்டியவர்கள் இன்னும் பாலை உண்கிறவர்களாக இருக்கிறார்களே என்று கடிந்துகொண்டபின், பலமான ஆகாரம் யாருக்குத் தகும் என்பதை அந்த நிருபத்தின் ஆசிரியர் சொல்கிறார்: “நன்மை தீமையின்னதென்று பகுத்தறியத்தக்கதாக முயற்சியினால் பயின்ற ஞானேந்திரியங்களையுடையவர்களாகிய பூரண வயதுள்ளவர்களுக்கே தகும்.” சபையில் எத்தனை ஆண்டுகள் இருந்தோம், எத்தனை வசனங்கள் மனப்பாடம், ஜெபத்தில் கண்ணீர் வருகிறதா என்பவை எதுவும் இங்கே அளவுகோலாகச் சொல்லப்படவில்லை. நன்மையையும் தீமையையும் பகுத்தறியும் பழக்கம் நமக்குள் ஊறியிருக்கிறதா, அதற்காக நாம் முயன்றிருக்கிறோமா என்பதே கேட்கப்படுகிறது.

கொரிந்து சபை யாதொரு வரத்திலும் குறைவில்லாத சபை என்று பவுலே முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்கும் வரம் எல்லாம் அங்கே இருந்தன. அதே சபையாரை அவர் மூன்றாம் அதிகாரத்தில் கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்று அழைக்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று அவர்கள் கட்சி பிரிந்து நின்றது. நீங்கள் கமிட்டியில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். சேகரத் தேர்தல் வரும் வாரங்களில் நம்முடைய வீடுகளில் யாரைப் பற்றி எப்படிப் பேசப்படுகிறது என்பதைக் கவனித்தால், அந்தச் சபையின் முதிர்ச்சியை அளக்க வேறு சோதனை தேவைப்படாது.

பகுத்தறிவது என்பதை நடைமுறையில் பார்ப்போம். ஒருவர் ஒரு மனையை வாங்குகிறார். பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்று விற்பவர் சொல்கிறார், தரகரும் சொல்கிறார், பத்திரம் எழுதுகிறவரோ “எல்லாரும் இப்படித்தான் சார் செய்றாங்க” என்கிறார். வழிகாட்டி மதிப்பைப் பற்றி வேதத்தில் வசனம் கிடையாது. குழந்தை நிலையில் இருக்கும் விசுவாசி, மனை நல்லபடியாக அமையவேண்டும் என்று உபவாசித்து ஜெபித்துவிட்டு, ரொக்கத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பதிவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துச் சாட்சியும் சொல்லிவிடுவார். அவரிடம் கபடம் இல்லை. ஜெபத்துக்கும் அந்த ரொக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. முதிர்ந்தவருக்கோ அந்தப் பேச்சு எழுந்த இடத்திலேயே மனம் இடறும். ஆயரிடமோ தீர்க்கதரிசியிடமோ போய்க் கேட்காமலேயே அது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டினால் கூடும் முத்திரைக் கட்டணத்தையோ, அந்த மனையே கைவிட்டுப் போவதையோ அவர் ஏற்றுக்கொள்வார்.

இந்தப் பயிற்சிக்கு இரண்டு வழிகளைச் சொல்வேன். முதலாவது, படுக்கைக்குப் போகுமுன் சங்கீதம் 139-ன் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்லி, அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது. யாரிடம் எரிந்து விழுந்தேன், எந்த இடத்தில் உண்மையைச் சற்று வளைத்தேன், யார் செய்த நன்மையைக் கண்டுகொள்ளாமல் விட்டேன் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். “என் பாவங்களை மன்னியும்” என்று பொதுவாகச் சொல்லி முடிப்பது எளிது, அதில் எதுவும் பயிலப்படுவதில்லை. இரண்டாவது, வேதத்தைத் துண்டு துண்டாக வாசிப்பதை விட்டு, ஒரு நிருபத்தை ஒரே அமர்வில் முழுவதும் வாசிப்பது. பிலிப்பியர் நிருபம் நான்கு அதிகாரங்கள், 104 வசனங்கள். அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது. “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற வசனம் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் மேசைமேல் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தின வசனத்தில் பவுல், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் தாம் போதிக்கப்பட்டதாக எழுதுகிறார். கட்டுண்ட நிலையில் இருந்துகொண்டு அவர் எழுதிய வரி அது. தோல்வியையும் பசியையும் தாங்கும் பெலனும் அந்த “எல்லாவற்றிலும்” அடங்கும்.

அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், பிலிப்பியருடைய அன்பு அறிவிலும் எல்லா உணர்விலும் பெருகவேண்டும் என்று பவுல் வேண்டிக்கொள்கிறார். மகளுக்காக ஜெபிக்கும்போது கல்லூரி இடத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் எங்கள் ஆலயத்தில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். கடந்த முறை எனக்கு எரேமியா 29:11 கிடைத்தது: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” மிகுந்த சந்தோஷத்தோடு அதைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினேன். ஜூன் மாதம் என் கணவர் மாரடைப்பால் இறந்துபோனார். அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. கிழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. நான் சரியாக விசுவாசிக்கவில்லையா? சபையில் ஒருவர், வீட்டில் ஏதாவது மறைவான பாவம் இருக்கும், உபவாசித்துப் பாருங்கள் என்றார். (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் மரணத்துக்கும் உங்கள் விசுவாசத்தின் அளவுக்கும் தொடர்பில்லை. மறைவான பாவத்தைப் பற்றிப் பேசியவர் யோபுவின் நண்பர்களுடைய வரிசையில் போய் நிற்கிறார். அவர்களும் அதையேதான் பல அதிகாரங்களுக்குச் சொன்னார்கள். முடிவில் கர்த்தர், நீங்கள் என் தாசனாகிய யோபைப்போல என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களிடமே கோபம்கொண்டார். துக்க வீட்டுக்கு வந்து காரணம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டிய கடமை இல்லை.

அந்த வசனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அது வந்த இடத்தில் வைத்து வாசித்தால் உங்கள் நிலைமைக்கு மிகவும் நெருங்கிய வார்த்தை அது. கி.மு. 597-ல் பாபிலோனிய ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம்தான் 29-ம் அதிகாரம். அதாவது, அந்த வாக்குத்தத்தத்தை முதன்முதல் பெற்றவர்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்திருந்தவர்கள்.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷகாலத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தருடைய பெயரில் அறிவித்தான். எரேமியா அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை இல்லை. கர்த்தர் சொன்னது எழுபது வருஷம். கடிதத்தை வாசித்தபோது நாற்பது வயதாயிருந்த ஒருவர் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்டவர்களிடம்தான், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே விண்ணப்பம்பண்ணுங்கள் என்று தேவன் சொல்கிறார். இவ்வளவும் சொன்னபின்புதான் 11-ம் வசனம் வருகிறது. துன்பம் வராது என்ற உறுதியை அது யாருக்கும் கொடுக்கவில்லை. துன்பத்தின் நடுவில், திரும்பிப்போக வழியில்லாத ஊரில், தேவன் அவர்களை மறந்துவிடவில்லை என்று அது சொன்னது.

அனனியாவின் செய்தியை நம்புவதற்கு முதிர்ச்சி தேவையில்லை. எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. எரேமியாவின் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, அந்நிய ஊரில் ஒரு தோட்டத்தைக் கொத்தத் தொடங்குவதற்குத்தான் வளர்ந்த விசுவாசம் வேண்டும். நம்முடைய அட்டைகளில் 11-ம் வசனம் மட்டும் தனியாக அச்சாகிறது. அட்டை எடுப்பதை நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு ஆண்டு முழுவதும் ஒரு வசனத்தையாவது நெஞ்சில் வைத்திருக்க அது உதவுகிறது. ஆனால் எடுத்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் அந்த வாரத்திலேயே வீட்டில் வாசிக்கவேண்டும் என்று ஆயர்கள் அந்த இரவிலேயே சொல்லிக்கொடுத்தால், இப்படிப்பட்ட கூடுதல் வேதனை எத்தனையோ வீடுகளில் தவிர்க்கப்படும். இந்தக் குறை போதிக்கிறவர்களுடையது.

இப்போது உங்களுக்கு. அழுவதற்குத் தயங்காதீர்கள். லாசருவை எழுப்பப்போகிறேன் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். தேவனிடம் உங்களுக்குள்ள கோபத்தையும் சொல்லுங்கள். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள்தான், அவை ஆராதனைப் புத்தகத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. நூறு நாட்கள் ஆனபின்னும் தூக்கம் வராமல், உணவு இறங்காமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக்குறைவு ஆகாது. கணவருடைய வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ் போன்ற வேலைகளுக்குத் தனியாக அலையாமல், சபையில் விவரம் தெரிந்த ஒருவரை உடன்வரும்படி கேளுங்கள். கேட்காமலே வரவேண்டியவர்கள் அவர்கள்.

அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், கட்டாயப்படுத்திப் பார்க்கவும் வேண்டாம். எடுத்து வேதாகமத்தில் எரேமியா 29-ம் அதிகாரத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மனந்திரும்பிய புதிதில் ஜெபிக்க உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. பாடும்போதே கண்ணீர் வரும். இப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன, ஜெபம் வறண்டுபோய்விட்டது. நான் பின்வாங்கிப்போனேனா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அறிந்தே பற்றிக்கொண்டிருக்கும் பாவம் ஏதாவது உண்டா என்று ஒருமுறை நேர்மையாகப் பாருங்கள். உடல் களைப்பையும் பாருங்கள். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு முழங்கால்படியிடுகிறவருக்கு வறட்சி வருவதில் ஆச்சரியம் இல்லை. இரண்டும் காரணமில்லை என்றால் பயப்படாதீர்கள்.

ஸ்பெயின் நாட்டின் அவிலா நகரைச் சேர்ந்த தெரேசா 1535-ல், இருபது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஜெபத்தைப் பற்றி அவர் எழுதியவற்றுக்காக 1970-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசிரியர், என்று அறிவித்தது. அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. அப்படிப்பட்டவர், ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்த காலம் தமக்கு ஆண்டுக்கணக்கில் இருந்தது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதுகிறார். ஆழ்ந்த மாற்றம் அவருக்கு வந்தது 1554-ல், முப்பத்தொன்பதாம் வயதில்.

சங்கீதம் 131 மூன்றே வசனங்கள். “தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்” என்கிறது அது. பால் மறக்கச் செய்யும் நாட்களில் குழந்தை அழுவதையும், தாய் தன்னை வெறுத்துவிட்டாள் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவார்கள். சில வாரங்கள் போனபின் அதே குழந்தை எதையும் தேடாமல் தாயின் மடியில் சாய்ந்திருக்கும். பாலுக்காக இல்லாமல், தாய்க்காகவே வந்து சாய்ந்திருக்கும். உங்களுக்கு உணர்ச்சி நின்றுபோனது அப்படிப்பட்ட காலமாக இருக்கலாம். ஜெபிக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். சொந்த வார்த்தைகள் வராத நாட்களில் ஒரு சங்கீதத்தையோ கர்த்தருடைய ஜெபத்தையோ நிதானமாகச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

கேள்வி: நான் சென்னையில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். சுவிசேஷங்களை ஒப்பிட்டு வாசிக்கும்போது வேறுபாடுகள் தெரிகின்றன. கேட்டால், பிள்ளைகளைப்போல நம்பவேண்டும், ஆராயக்கூடாது என்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் கற்ற விசுவாசம் கைநழுவிப்போவதுபோல் இருக்கிறது. (ஒரு வாசகர், சென்னை)

பதில்: ஆராயக்கூடாது என்று சொன்னவர்கள் அப்போஸ்தலர் 17-ஐ மறந்துவிட்டார்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே “காரியங்கள் இப்படியிருக்கிறதா” என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள். அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று பாராட்டப்படுகிறார்கள். புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள் என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகிறார். மத்தேயு 18-ல் ஆண்டவர் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தியது, பரலோகராஜ்யத்தில் பெரியவன் யார் என்று சீஷர்கள் கேட்டபோது. தன்னைத் தாழ்த்துவதைப் பற்றியே அங்கே அவர் பேசுகிறார். சிந்திப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை.

ஆலயத்தில் வியாபாரம் செய்தவர்களை இயேசு துரத்தியதை யோவான் தம் இரண்டாம் அதிகாரத்திலேயே எழுதுகிறார்; மற்ற மூவரும் அதை இயேசுவின் கடைசி வாரத்தில் நடந்ததாக எழுதுகிறார்கள். இது இன்று யாரோ கண்டுபிடித்த இரகசியம் இல்லை; ஆதிச் சபையின் அறிஞர்கள் அறிந்து விவாதித்ததுதான். அறிந்தும் நான்கு சுவிசேஷங்களையும் சபை அப்படியே வைத்துக்கொண்டது, ஒன்றாகத் தைத்துவிடவில்லை. கைநழுவுவது, பத்து வயதுக்கு ஏற்றபடி உங்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம். அதற்குப் பதிலாக வளர்ந்தவருக்கேற்ற கல்வி உங்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் துறையில் பத்தாம் வகுப்புப் பாடத்தோடு யாரும் நின்றுவிடுவதில்லையே. இறையியல் கல்லூரிகளில் கற்பித்த அல்லது கற்ற ஆயர் ஒருவரைத் தேடி, நேரம் கேட்டு, கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்.

கூடவே ஒன்றையும் சொல்லவேண்டும். கீழ்ப்படியவேண்டிய ஓர் இடம் நமக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்போது, அதைத் தள்ளிப்போடுவதற்காகவே சில கேள்விகளை நாம் வளர்த்துக்கொள்வது உண்டு. உங்கள் கேள்விகள் அப்படிப்பட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தை சபையில் மதிக்கப்படுகிறவர். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிப்பார், வெள்ளிக்கிழமை உபவாசம், அனாதைப் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவுகிறார். ஆனால் அதே சபையில் என்னோடு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் ஒருவரை நான் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்றதும், சாதி வேறு என்ற ஒரே காரணத்துக்காக வீட்டில் பேச்சு நின்றுபோனது. அப்பாவின் ஜெபமெல்லாம் பொய்யா? (ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: பொய் இல்லை. அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் உங்கள் தந்தையின் வாழ்க்கையில் சுவிசேஷம் இன்னும் நுழையாத ஓர் அறை இருக்கிறது, அது சிறிய அறை இல்லை.

இதற்குப் பேதுருவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர் அவர். யோப்பாவில் தரிசனம் கண்டு, யூதரல்லாதவரான கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்து, எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்று சொல்லாதபடிக்குத் தேவன் எனக்குக் காண்பித்திருக்கிறார் என்று தம் வாயாலேயே சொன்னவர். இவ்வளவுக்கும் பிறகு அந்தியோகியாவில், புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகினார். பவுல் அதைக் குடும்ப வழக்கம் என்றோ சிறிய பலவீனம் என்றோ விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி அவர்கள் நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். கலாத்தியர் 2-ம் அதிகாரத்தில் இதைக் காணலாம். பேதுருவுக்கு உபதேசம் தெரியாமல் இல்லை. சொந்த மனிதர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் உபதேசத்தைத் தோற்கடித்தது. நம் வீடுகளில் நடப்பதும் இதுவே.

தமிழ்ச் சபைகளில் இது பழைய வழக்கு. தனித்தனியே உட்காருவதும் நற்கருணைக்குத் தனித்தனியே வருவதும் சபைக்குள் இருந்த நாட்களில், 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராயிருந்த டேனியல் வில்சன், இவை முற்றிலும் கைவிடப்படவேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியைவிடச் சபையை விடுவது மேல் என்று பிரிந்துபோனார்கள். பந்தியிலும் பாத்திரத்திலும் இருந்த பிரிவு பெரும்பாலும் மறைந்துவிட்டது. திருமணத்தில் அது அப்படியே நிற்கிறது. சபைப் பிரிவையும் சாதியையும் ஒரே வரியில் கேட்கும் மணமகள் தேவை விளம்பரங்களை நாம் கூச்சமில்லாமல் வாசிக்கப் பழகிவிட்டோம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலான கிறிஸ்தவப் பாரம்பரியம் எங்களுக்கு உண்டு என்று பெருமையாகச் சொல்கிற சபைகளில், காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்கவேண்டிய உங்களுக்கு என்ற எபிரெயர் வசனத்தை நான் இந்த இடத்தில்தான் வாசிப்பேன்.

உங்கள் தந்தையிடம் பேசுங்கள். ஆனால் தேவன் எல்லாருக்கும் பொதுவானவர் என்று பொதுவாகப் பேசாதீர்கள், அது அவருக்குத் தெரியும். கலாத்தியர் 2-ஐக் குடும்ப ஜெபத்தில் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேளுங்கள். உறவினர்களில் யாருடைய பேச்சுக்கு அவர் பயப்படுகிறார் என்பதையும் மரியாதையோடு கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கும். உங்கள் ஆயரைத் தனியாகச் சந்தித்து, வீட்டுக்கு வந்து பேசும்படி கேளுங்கள். அவர் தயங்கினால், அந்தத் தயக்கமும் பேதுருவின் தயக்கமே என்று அவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சட்டப்படி வயது வந்தவர் நீங்கள். தந்தை சம்மதிக்காமலே போகலாம், அப்போது முடிவெடுக்கவேண்டியவர் நீங்கள்தான். எப்படி முடிவெடுத்தாலும், அவரைச் சபையில் அவமானப்படுத்தும் வார்த்தை உங்களிடமிருந்து புறப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பங்கு முதிர்ச்சி.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை; வயது 68. பிள்ளைகள் வெளிநாட்டில். பணிபுரிந்த காலத்தில் ஆவிக்குரிய காரியங்களுக்கு நேரமே கொடுக்கவில்லை. இனி வளர்வதற்கு என்ன இருக்கிறது? முழங்கால் வலியால் முழங்கால்படியிட்டு ஜெபிக்கவும் முடிவதில்லை. (ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: அம்மா, பாளையங்கோட்டைக்கு அருகில் வைணவக் குடும்பத்தில் 1827-ல் பிறந்த கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற கிறிஸ்தவக் காவியம் நூலாக வெளிவந்தது 1894-ல். அப்போது அவருக்கு வயது 67, கிட்டத்தட்ட உங்கள் வயது. கற்ற தமிழெல்லாம் விசுவாசத்தோடு கலந்து கனிவதற்கு அவருக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின. உங்களிடமும் ஓர் ஆசிரியையின் வாழ்நாள் அனுபவம் இருக்கிறது. திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளில் தமிழ் வேதாகமத்தைத் தடுமாறி வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அப்படி இரண்டு பிள்ளைகளை வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரச்சொல்லி, மாற்கு சுவிசேஷத்தை உரக்க வாசிக்கச் செய்து, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க உட்காரும்போது நாம் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது நமக்கே தெரியவரும். வளர்ச்சி அங்கிருந்து தொடங்கட்டும்.

பிறருடைய உதவியை வாங்கிக்கொள்ளவும் பழகவேண்டியிருக்கும். நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்று ஆண்டவர் பேதுருவிடம் சொன்னார். அவனுடைய மரணத்தைக் குறித்த வார்த்தை அது. ஆனாலும், வாழ்நாளெல்லாம் தானே நடந்து திரிந்தவருக்கு இன்னொருவர் கையைப் பிடித்து ஆலயப் படி ஏறுவது எவ்வளவு கடினம் என்று உங்களைப் போன்றவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள்.

முழங்கால்படியிடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தாவீது ராஜா கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்ததை 1 நாளாகமம் 17-ம் அதிகாரத்தில் வாசிக்கலாம். நல்ல முதுகு சாய்ப்புள்ள நாற்காலியாகப் பார்த்து, வெளிச்சம் வரும் ஜன்னலருகில் போட்டுக்கொள்ளுங்கள்.